நான் போகாத சனிக்கிழமைகள்

நான் ஓய்வுபெற்ற பாடசாலைப் பிரதி அதிபர். இதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். ஏனென்றால் இரண்டாவது வசனம் வரை பொறுத்திருந்து கேட்கிறவர்கள் குறைவு. திருகோணமலை நகரத்தில் பரிசளிப்பு விழா, வாசிகசாலைத் திறப்பு, பிரியாவிடை, மணிவிழா என்று எதை எடுத்தாலும் மேடையின் ஓரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்கினேன் என்றால் இருபது நிமிடம் போகும். ஒருமுறை பேச்சின் நடுவில் மின்சாரம் நின்றுபோனது. சபை முழுவதும் கைதட்டியது. பேச்சுப் பிடித்துப்போய்த்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிவாங்கி இல்லாமலே முழுவதையும் பேசி முடித்தேன்.

இப்படிப்பட்ட எனக்குப் பிறந்த மகள் சத்தம் தாங்கமாட்டாள்.

அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஓட்டிசம் உள்ளவள். வேண்டும் என்றால் முப்பது நாற்பது சொல் பேசுவாள். வேண்டாம் என்றால் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள். குக்கர் விசில், முச்சக்கரவண்டி ஹோர்ன், கோயில் ஒலிபெருக்கி, என் குரல் ஆகிய நான்கும் அவளுக்கு ஆகாது. நான்காவதை நான் நெடுங்காலம் நம்பவில்லை. தகப்பன் குரல் பிள்ளைக்குப் பிடிக்காமல் போகுமா என்று மனைவியிடம் கேட்டேன். "எனக்கே சில நேரம் ஏலாமல் கிடக்கு" என்றாள் அவள்.

பதினாறு வயது வரை பாடசாலையின் விசேட கல்விப் பிரிவுக்குப் போனாள். அதற்கு மேல் அங்கே வைத்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் வந்தவள்தான். அறையிலிருந்து குசினி, குசினியிலிருந்து கிணற்றடி, மறுபடி அறை. கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் சனம் பார்க்கும். கோயிலுக்குப் போனால் மேளம். கடைத்தெருவில் ஒரு பேருந்து ஹோர்ன் அடித்தால் அவள் நடுவீதியில் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். எங்களுக்கும் வயது போகிறது. மெல்ல மெல்ல விட்டுவிட்டோம். ஆறு வருடம் அவள் வீட்டுப் படலைக்கு வெளியே போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவி சொன்னாள்: "நாங்கள் ரெண்டு பேரும் கண்ணை மூடினா, இந்த ஊரில இவவைத் தெரிஞ்ச ஒரு ஆள் இல்லை." நான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டேன். எனக்கு ஊரில் ஆயிரம் பேரைத் தெரியும், அவளுக்கு இரண்டு பேர்.

அந்த நேரத்தில்தான் மிஸ் வந்து சேர்ந்தார். அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். தம்பலகாமத்தில் வயல் செய்கிற வீட்டுப் பெண், இப்படியான பிள்ளைகளோடு வேலை செய்வதற்கு முறையாகப் படித்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் பேருந்தில் வந்து, ஒன்பது இளம் ஆட்களைச் சேர்த்துக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். எல்லோரும் பதினேழுக்கும் இருபத்தாறுக்கும் இடைப்பட்டவர்கள். உட்துறைமுகப் பக்கம் அலையில்லாத ஒரு சின்னக் கரை உண்டு. அங்கே கொஞ்சத் தூரம் நடை, கொஞ்சம் பந்து, பிறகு இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம், கடைசியில் ஆளுக்கு ஒரு வடை. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு பலகை. அதில் வரிசையாக ஒட்டிக் கழற்றுகிற சின்னப் படங்கள்: ஓட்டோ, நடை, பந்து, கடல், வடை, வீடு. வெளிக்கிடும்போது பலகையைக் கழற்றிக் கையில் கொண்டுபோக வேண்டும். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தைப் பிள்ளையே எடுத்துப் பைக்குள் போடும். அடுத்து என்ன என்று முன்னமே தெரிந்தால் இவர்களுக்குப் பயம் பாதி போய்விடும் என்றார் மிஸ். நான் தலையாட்டினேன். நிகழ்ச்சி நிரலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் வந்தது.

முதல் சனிக்கிழமை மகள் முச்சக்கரவண்டியை விட்டு இறங்கவேயில்லை. இரண்டாவது கிழமை இறங்கி, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது கிழமை கால் நனைந்தது. ஐந்தாவது கிழமை, போட்ட சட்டையோடு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுக்குப் போனாள். தண்ணீர் சுற்றி வர அழுத்திப் பிடிப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று போல. நின்ற இடத்திலேயே நின்று சிரித்தாள். அவள் கடைசியாக எப்போது அப்படி வாய்விட்டுச் சிரித்தாள் என்று நானும் மனைவியும் அன்றைக்கு யோசித்துப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை.

மனைவி மகளோடு தண்ணீருக்குள் நின்ற அந்தச் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கரையில் நின்று மற்றப் பெற்றோருக்கு ஓட்டிசம் பற்றி விளக்கம் கொடுத்தேன். நாலு கிழமைக்குள் பெற்றோர் சங்கம் ஒன்றை அமைத்தேன். யாரும் போட்டியிடாததால் ஏகமனதாகத் தலைவரானேன். அந்தக் கூட்டத்துக்கு என்னைத் தவிர மூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் வடை கொண்டுவந்தவர்.

ஆறேழு மாதம் இப்படி நன்றாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து லீவில் வந்த ஒரு நல்ல மனிதர் எங்கள் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகள் வாங்கித் தருவதாகச் சொன்னார். கயிற்றை மட்டும் நம்பி இறக்கிக்கொண்டிருந்த மிஸ்ஸுக்கு அது பெரிய நிம்மதி. மனிதர் தொலைபேசியில் என்னிடம் தெளிவாகவே சொன்னார்: "மாஸ்டர், விழா கிழா ஒண்டும் வேண்டாம். நான் ஒரு பக்கத்தில நிண்டு பிள்ளையள் குளிக்கிறதைப் பாத்திட்டுப் போறன்." பெரிய மனிதர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள், நாம்தான் குறிப்பறிந்து நடக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒரு பொருளைச் சும்மா கொடுத்து வாங்க முடியாது. கையளிக்க வேண்டும். கையளிப்பதென்றால் பதாகை, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஒரு பொருளை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்து நிற்கும் படம், நன்றியுரை. ஒரு பாடசாலைக்கு நாலு துடைப்பம் கொடுத்தபோதும் இதே வரிசையில் நான் நடத்தி வைத்திருக்கிறேன். மகளைப் பெற்ற அறிவும் எனக்குக் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வெடி கொளுத்துவோம் என்று ஒரு தகப்பன் சொன்னபோது, "என்ன விசர்க்கதை, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்" என்று நான்தான் தடுத்தேன். அந்தத் தீர்மானத்தைச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என்னைப் போட்டுக்கொண்டேன்.

மிஸ் வந்து கேட்டார்: "சேர், இதைச் செய்யிறதெண்டா இதுக்கும் ஒரு படம் செய்யவேணும். பிள்ளையளுக்கு முதலே காட்டவேணும்."

"ஐஞ்சு நிமிஷ விசயம் மிஸ். ஐஞ்சு நிமிஷத்துக்குப் படம் என்னத்துக்கு?"

"ஸ்பீக்கர் வேண்டாம் சேர்."

"சின்னப் பெட்டிதான். கடல் காத்துக்கு ஒண்டும் கேக்காது."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். சம்மதம் என்று நான் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கு நாலு மணிக்குக் கரையில் பதாகை கட்டியாயிற்று. குத்துவிளக்கை மணலில் நட்டாயிற்று. பிரதம விருந்தினருக்கு வாங்கிய மாலையைக் கதிரையில் வைத்துவிட்டு ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது, எங்கள் நகரத்தில் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று அதில் முக்கால்வாசியைத் தின்று முடித்து மீதியை மென்றுகொண்டிருந்தது. நார் மட்டும் கதிரையில் கிடந்தது. கனடாக்காரர் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டுப் படம் எடுத்தார். எனக்குத்தான் முகம் செத்துப்போயிற்று.

விளக்கு பற்றவில்லை. கடல் காற்றில் எப்படிப் பற்றும்? பெற்றோரும் பிரமுகர்களுமாக எட்டுப் பெரிய ஆட்கள் விளக்கைச் சுற்றிக் குனிந்து நின்று, வேட்டியாலும் சேலைத் தலைப்பாலும் மறைத்து, ஒரு பெட்டி நெருப்புக்குச்சியைத் தீர்த்தோம். பதினைந்து நிமிடம் போனது. அந்தப் பதினைந்து நிமிடமும் ஒன்பது இளம் ஆட்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் இருந்தார்கள். பலகையில் நடை முடிந்து பந்துக்கு முன்னால் இப்படி ஒன்று இல்லவே இல்லை. ஒருவன் இருந்தபடியே முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கினான். ஒருத்தி தன் செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். மிஸ் ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு திரி பற்றியது, உடனே அணைந்தது. பற்றியதாகக் கருதி நான் தலைமையுரைக்குப் போனேன்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போது மகள் எழுந்து என்னிடம் வந்தாள். கையில் கடல் படம். அதை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கடல்" என்றாள். இப்போது கடலுக்குப் போக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக உலகத்தில் யாரும் சொல்ல முடியாது. ஒரு தகப்பன் செய்யவேண்டியது ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போவது. நான் அவளுடைய தோளைப் பிடித்துச் சபையின் பக்கம் திருப்பினேன். "இதோ, என் அருமை மகள்" என்று தொடங்கினேன். ஆறு வருடம் அறைக்குள் இருந்தவள், இன்று உங்கள் முன்னால், என்று குரலை ஏற்றினேன். சனம் கைதட்டியது. அவளுடைய தலை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினேன், "சொல்லம்மா" என்று. அது கீச்சென்று கத்தியது.

அவள் மணலில் விழுந்தாள். தன் கையைத் தானே கடித்தாள். மனைவி ஓடி வந்து அவளுக்கு மேலே கவிழ்ந்து படுத்து இரண்டு காதையும் பொத்தினாள். மற்றப் பிள்ளைகளும் நாலு பக்கமும் ஓட, மிஸ்ஸும் பெற்றோரும் பின்னால் ஓடினார்கள். கனடாக்காரர்தான் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே நின்றேன். இருபத்திரண்டு வருடம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவன் நான், ஆனால் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அன்றைக்கு முதல் தடவையாக வந்த அந்த மனிதருக்குத்தான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை மூன்றரைக்குப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினேன். மகள் வந்து கடல் படத்தைப் பிய்த்தெடுத்தாள். என் சேர்ட் பையைத் திறந்து, அதற்குள் போட்டு, விரலால் அடிவரைக்கும் அமத்தினாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கடுத்த கிழமையும் அதேதான். மூன்றாவது கிழமை நான் பையில்லாத பனியனோடு நின்றேன், அவள் படத்தை என் கையில் திணித்து விரல்களை மூடிவிட்டாள். ஏழு மாதத்தில் கிடைத்த ஒரே ஒரு வெளி உலகம் அது. அதை நான் பதினைந்து நிமிடத்தில் மூடிவிட்டேன், தலைவர் என்ற முறையில்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். மனைவி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மகளின் அறைக்குள் போய்விடுவாள். கையில் கடித்த காயம் ஆறி வந்தது. மறுபடி அறை, குசினி, கிணற்றடி. இனி இவள் வெளியே வரவே மாட்டாளோ என்ற பயத்தில் இரவில் எழும்பிப் போய் அவளுடைய அறைக் கதவைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு புதன்கிழமை மிஸ் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"சேர், கோவிக்காதேங்கோ. எங்கட பக்கம் ஆனை வயலுக்குள்ள இறங்கினா நாங்கள் என்ன செய்வம் தெரியுமோ? தகரம் தட்டுவம். எல்லாரும் சுத்தி நிண்டு கத்துவம். ஆனை போயிடும். நீங்கள் அண்டைக்கு அதைத்தான் செய்தனீங்கள்."

"ஓம் மிஸ்" என்றேன்.

"ஆனை திரும்பி வராட்டி எங்களுக்குச் சந்தோசம். இவ திரும்பி வரவேணுமெல்லோ?"

பையிலிருந்து புதுப் படங்கள் எடுத்தார். இந்த முறை இடங்களின் படமல்ல, எங்கள் முகங்கள். மனைவி, மிஸ், நான். கைத்தொலைபேசியில் எப்போதோ எடுத்து அச்சடித்திருக்கிறார். என் படத்தில் என் வாய் திறந்திருந்தது. வேறு படம் கிடைக்கவில்லையாம். மூன்றையும் மேசையில் பரப்பி, மகளைக் கூப்பிட்டு, ஓட்டோ படத்துக்குப் பக்கத்தில் காலி இடத்தைக் காட்டினார். யாரோடு போவது என்று கேட்கிறார் என்று எனக்கும் விளங்கியது, அவளுக்கும் விளங்கியது. மகள் தாயின் படத்தை எடுத்து ஓட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மிஸ்ஸின் படத்தைக் கடலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். என் படத்தை ஒரு விரலால் மேசை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய்க் கீழே விழுத்தினாள்.

மிஸ் அதைப் பொறுக்கி எடுத்து என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கடல்ல பயமில்லை சேர். நீங்கள் வந்தா மைக்கும் வரும் எண்டுதான் பயம். கொஞ்ச நாளைக்கு நீங்கள் வராதேங்கோ."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியாது சேர்."

அந்தச் சனிக்கிழமை அவள் போனாள். பலகையையும் துவாயையும் தானே எடுத்துக்கொண்டு, தாயின் கையைப் பிடித்து, முச்சக்கரவண்டியில் ஏறினாள். நான் குசினி யன்னலால் பார்த்தேன். கும்பிடாத கடவுளையெல்லாம் கும்பிட்டேன். வண்டி திரும்பி மறைந்த பிறகு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன், எங்கேயும் இருக்க முடியவில்லை. சந்தோசம்தான். ஆனால் என் பிள்ளை சந்தோசமாக இருப்பதற்கு நான் அங்கே இல்லாமலிருப்பது தேவைப்படுகிறது என்றால் அதை எந்த முகத்தோடு விழுங்குவது? மாலை முழுவதும் வீட்டின் முன் கதிரையில் முறுக்கிக்கொண்டு இருந்தேன். ஆறு மணிக்கு அவள் நனைந்த சட்டையோடு வந்தாள். என் முன்னால் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஒலிவாங்கி ஏதும் வைத்திருக்கிறேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்தேன்.

இப்படி ஐந்தாறு கிழமை போனது. சங்கத் தலைவர் பதவியை விட்டு விலகினேன். விலகல் கடிதத்தை மூன்று பக்கத்தில் எழுதினேன். வாசித்தார்களா தெரியாது, பதில் வரவில்லை. ஒருநாள் பலகையைத் தற்செயலாகப் பார்த்தேன். மிஸ் மேசையிலேயே விட்டுப்போன என் படத்தை மகள் எடுத்து ஒட்டியிருந்தாள். எங்கே? ஓட்டோவுக்குப் பக்கத்தில் இல்லை, கடலுக்குப் பக்கத்தில் இல்லை. வடைக்குப் பிறகு வீடு, வீட்டுக்கும் பிறகு கடைசியில், வாயைத் திறந்துகொண்டு நான்.

"பாத்தீரோ?" என்று மனைவியிடம் சொன்னேன். "என்னை நன்றியுரைக்கும் கீழே போட்டிருக்கிறா."

"அது அப்பிடியில்லை. வந்த உடன உங்களைப் பாக்கிறா எல்லே? அதோடதான் அவவுக்கு நாள் முடியுது."

எனக்கு அது ஏறவில்லை. கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது கூப்பிடப்பட்ட பேச்சாளன் மாதிரி ஒரு மனத்தாங்கல்தான் இருந்தது.

அந்த மனத்தாங்கலோடுதான் அடுத்த சனிக்கிழமை ஒளித்துப் பார்க்கப் போனேன். மச்சானின் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கரையின் மறுபக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தோணிக்குப் பின்னால் குந்தினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி, ஊருக்கே கேட்கும்படி, "என்ன சேர், இதில ஒளிச்சிருக்கிறீங்கள்? முழங்கால் நோகாதே?" என்றார். என்னிடம் படித்தவர். கெஞ்சி அவரையும் பக்கத்தில் குந்தவைத்தேன்.

தண்ணீருக்குள் ஒன்பது பேரும் செம்மஞ்சள் அங்கியோடு நின்றார்கள். ஆக, அந்த அங்கிகள் என் தலைமையுரை இல்லாமலும் மிதக்கின்றன. மகள் தாயின் கையை விட்டிருந்தாள். ஒரு கை கயிற்றில், மறு கையில் பந்து. அவளுக்கு எதிரே ஒரு பெண் நின்றாள், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டவள். மகள் பந்தை நெஞ்சோடு அணைத்து நெடுநேரம் வைத்திருந்தாள். ஒருவரும் "குடு, குடு" என்று அவசரப்படுத்தவில்லை. மிஸ் பேசாமல் நின்றார். பிறகு அவள் பந்தைத் தண்ணீரில் வைத்து, அந்தப் பெண்ணின் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் பிடித்து, சிரித்து, திருப்பித் தள்ளினாள். என் மகளும் சிரித்தாள்.

மிஸ்ஸுக்கு அடுத்ததாக, என் மகளைத் தெரிந்த நாலாவது ஆள் கிடைத்துவிட்டது. நான் தோணிக்குப் பின்னால் இருந்து அழுதேன். வலைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அதோடு எழும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய விசயத்தை யாருக்காவது சொல்லாமல் எப்படி இருப்பது? முதலில் வலைக்காரருக்குச் சொன்னேன், அவர் கண்ணால் பார்த்தவர் என்பதையும் மறந்து. பிறகு சந்தித் தேத்தண்ணிக் கடைக்குள் போய் அங்கே இருந்தவர்களுக்குச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்ததை, பந்து போன திசையை, எல்லாவற்றையும் கைகளால் காட்டிச் சொன்னேன். புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் முதலிலிருந்து சொன்னேன். கடைக்காரர் கதிரைகளைத் துடைக்கத் தொடங்கியபோதுதான் நேரத்தைப் பார்த்தேன். ஆறே முக்கால்.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே தெரிந்தது. படலைக்கு வெளியே மகள் நின்றாள். சட்டை இன்னும் உடம்போடு ஒட்டியிருந்தது, காற்றுக்கு நடுங்கிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்க போனீங்கள்?" என்று கேட்டாள் மனைவி. "நாப்பது நிமிஷமா இதிலயே நிக்கிறா. உள்ளுக்கு வர மாட்டாவாம். முன்னுக்குக் கதிரை வெறுமையா இருக்கிறதைப் பாத்திட்டுத் திரும்பி வந்து நிண்டவதான். இண்டைக்கு இதுவும் குழம்பினா அடுத்த கிழமை வெளிக்கிடுவாவோ தெரியாது."

மகளின் கையில் பலகை இருந்தது. எல்லாப் படமும் பைக்குள் போய்விட்டிருந்தது, என்னுடையதைத் தவிர. நான் மட்டும் பலகையில் தனியே இருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். படத்தைப் பிய்த்தெடுத்துப் பைக்குள் போட்டாள். படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது.

நான் வெளியே நின்றேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், சொல்லக் கூச்சமான ஒரு சந்தோசமும் இருந்தது. என் பேச்சு எப்போது முடியும் என்று காத்திருந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நான் வரவேண்டும் என்று காத்து நின்றவள் இவள் ஒருத்திதான். அதுவும் நனைந்த உடுப்போடு.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு நித்திரை சரியில்லை. சனிக்கிழமை மூன்றரைக்கு நான் பலகைப் பக்கமே போகவில்லை, முன் கதிரையில் போய் இருந்துகொண்டேன். மகள் அறைக்கு வெளியே வந்தாள். கதிரையில் நான் இருப்பதைப் பார்த்தாள். நெடுநேரம் நின்றாள். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி போய்க் கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு வாசிகசாலைக்காரர். அறிவிப்பாளர் கடைசி நேரத்தில் வரவில்லை, ஐந்தரைக்கு வந்து நிகழ்ச்சியைக் கொண்டு நடத்த முடியுமா என்றார்.

"ஏலாது தம்பி. ஆறு மணிக்கு எனக்கு வேற ஒரு நிகழ்ச்சி இருக்கு."

"எங்க சேர்?"

"வீட்டில. கதிரையில இருக்கவேணும்."

அவர் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு வண்டி வந்தது. மகள் இறங்கினாள், படலையைத் திறந்தாள். என் முன்னால் வந்து நின்று, என் படத்தை எடுத்துப் பைக்குள் போட்டாள். போகிற போக்கில், தலை துவட்டிய ஈரத் துவாயை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். உப்பும் மணலுமாகக் கனத்த துவாய். வேட்டி முழுவதும் ஊறியது.

"எழும்புங்கோ, உடுப்பெல்லாம் நனையுது" என்றாள் மனைவி.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.